செஞ்சியில் ஒரு சொட்டுக் குதிரை ரத்தம்

செஞ்சிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் கோட்டை பார்க்க என்று சொல்லியிருந்தால் என் பயணம் சுகமாக முடிந்திருக்கும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "காய்ச்சல் கண்ட குதிரை ஒன்றைப் பார்க்கணும்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி அதைக் கேட்டதும் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கமாக உட்காரவைத்தார். அதன்பிறகு செஞ்சி வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஈப்போக்காரி. மலேசியாவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் மனித ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், பேரப்பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுப்பார்கள். நான் ஒரு பழைய பித்தளை நுண்ணோக்கியை வாங்கினேன். அதோடு நின்றிருந்தால் என் வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். அந்தக் காலத்தில் இதில் என்னதான் பார்த்தார்கள் என்று படிக்கத் தொடங்கியதுதான் வினை.

மனித ரத்தத்தில் கிருமி தேடுவதற்கு வெகு காலம் முன்பே சில பேர் தவளை ரத்தத்தையும் மீன் ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவளை ரத்தத்தில் ஒன்று தச்சரின் திருகுபோலச் சுழன்று போனது. அதற்குப் பெயர் வைத்தார்கள், பிறகு மறந்தார்கள். வெகு காலம் கழித்து இந்த நாட்டின் வடக்கே பட்டாளத்துக் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் வந்து வந்து, மெலிந்து மெலிந்து செத்தன. ஒரு வெள்ளைக்காரக் கால்நடை மருத்துவர் அவற்றின் ரத்தத்திலும் அதே சாதி உயிர் நெளிவதைப் பார்த்து, இதுதான் கொல்கிறது என்று எழுதினார். மேலதிகாரிகள் நம்பவில்லை. ரத்தத்தில் ஏதோ நெளிந்தால் நெளியட்டும், அதற்கென்ன என்றார்கள். மேலதிகாரிகள் எல்லாக் காலத்திலும் மேலதிகாரிகள்தான்.

இதைப் பற்றி எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு முன் ஒரு தரமாவது அந்த மனிதர் பார்த்ததை, சாயம் எதுவும் போடாமல், உயிரோடு நெளிகிறபடியே பார்த்துவிட ஆசை. ஈப்போவில் குதிரை உண்டு, ஆனால் அவை பந்தயக் குதிரைகள். எனக்குக் கிடைக்கிறதைவிட நல்ல மருத்துவம் அவற்றுக்குக் கிடைக்கிறது. இணையத்தில் நுண்ணோக்கிப் பைத்தியங்களின் குழு ஒன்றில் பழக்கமான இளஞ்செழியன் செஞ்சிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறார். "வாங்க மேடம், பாத்துக்கலாம்" என்று எழுதினார். அந்தப் 'பாத்துக்கலாம்' ஒன்றை நம்பிக் கடல் தாண்டினேன்.

ஈப்போவைச் சுற்றியும் மலைகள்தான். ஆனால் அவை பச்சை போர்த்திய சுண்ணாம்பு மலைகள். செஞ்சி மலைகளைப் பார்த்தால் யாரோ லாரி லாரியாகப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டு, அடுக்க ஆள் வராததால் அப்படியே விட்டுப்போன மாதிரி இருக்கிறது. அதன் உச்சியில் போய்க் கோட்டை கட்டியவர்களின் முழங்காலை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். நான் கீழேயிருந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு டிபன் கடைக்குள் நுழைந்தேன். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். ஈப்போவில் நான் பெருமையாகச் சமைக்கும் வடகறியை இனி வேறு பெயரில்தான் அழைக்க வேண்டும். டீதான் எங்கள் ஊர்க் குவளையில் கால்வாசி இருந்தது, அதிலும் பாதி நுரை. "இன்னொன்னு குடுங்க" என்றேன். "நீங்க சிலோனா?" என்றார் கடைக்காரர். செஞ்சியில் இருந்த நாளெல்லாம் மலேசியா என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் சிலோன் என்றே ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவமனை. இளஞ்செழியன் என் மகன் வயதுக்காரர். பித்தளை நுண்ணோக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நோயாளி ஆடுகளை மறந்துவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். வெளியே வரிசையில் ஆடு, கன்றுக்குட்டி, கோழி, ஒரு கோபக்கார நாய். கடைசியில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது.

அதுவும் எப்படிப்பட்ட குதிரை! பிடரியைப் பின்னிச் சிவப்பு நாடா கட்டி, நெற்றியில் குஞ்சம் தொங்கவிட்டு, குளம்புக்கு எண்ணெய் தடவி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நின்றது. பெயர் ராசாத்தி. மாப்பிள்ளை ஊர்வலம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போகிற குதிரை. பிடித்திருந்தவர் சவரியம்மாள். நாற்பதைத் தாண்டிய, வெடுக்வெடுக்கென்று பேசுகிற பெண். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. சோறு போடுவது ராசாத்தி.

"நேத்து நெருப்பா கொதிச்சுது சார். வாயில தண்ணி கூட வைக்கல. காலெல்லாம் வீங்கிப்போச்சு" என்றார் சவரியம்மாள்.

"நேத்தே இட்டாந்திருக்கலாம்ல?" என்றார் டாக்டர்.

சவரியம்மாள் ராசாத்தியின் குஞ்சத்தைச் சரிசெய்தார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை. சவரியம்மாள் ஏற்கெனவே இப்படி வந்து வந்து, ஒன்றுமில்லை என்று கேட்டுக்கேட்டுத் திரும்பியிருக்கிறார் போலும். அவர் போனதும் டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். "நீங்க தேடி வந்த கிருமிதான்னு எனக்குச் சந்தேகம் மேடம். ஆனா அது ஒளிஞ்சு விளையாடும். காய்ச்சல் ஏறும்போது ரத்தத்துல மொய்க்கும், இறங்கினா தேடினாலும் கிடைக்காது. காய்ச்சல்ல கொண்டு வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். சரி சார், சரி சார்னு சொல்லிட்டு நல்லா இருக்கற அன்னிக்குத்தான் கூட்டிட்டு வராங்க. வீட்டுக்கு வரேன்னாலும் வேணாங்கறாங்க. இதுக்குப் போடற ஊசி கொஞ்சம் முரட்டு ஊசி, நோய் உறுதியா தெரியாம குத்த மனசு வரல. இப்படியே போனா இந்தக் குதிரை தையைத் தாண்டாது."

அந்தப் புதிரை அங்கேயே விட்டுவிட்டு நான் அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போனேன். குதிரை இல்லாவிட்டால் மாடு, எருமை, எதற்காவது இருக்கும் என்று கணக்கு. ஆட்டோக்காரர் ஏழுமலை நல்லவர், ஆனால் வேகத்தடையைக் கண்டால் அவமானமாக எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு தடையிலும் நுண்ணோக்கிப் பெட்டியும் நானும் சேர்ந்து எழும்பிச் சேர்ந்து இறங்கினோம்.

சந்தையில் ஒரு கறவை மாட்டை இரண்டு பேர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய், விற்கிறவரிடம் மிகவும் பணிவாக, "ஐயா, இதுக்குக் காய்ச்சல் ஏதாவது விட்டு விட்டு வருதுங்களா?" என்று கேட்டேன். வாங்க வந்தவர் மாட்டின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டார். விற்கிறவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

"இன்னாம்மா, யாரு உன்ன அனுப்பினது? யாவாரத்த கெடுக்கறதுக்குன்னே பெட்டிய தூக்கிட்டு வந்துட்டியா?"

ஏழுமலை குறுக்கே புகுந்து, "சிலோன்காரம்மா நைனா, வெவரம் தெரியாது" என்று சொல்லி என்னைத் தள்ளிக்கொண்டு வந்து ஆட்டோவில் போட்டார். வழியெல்லாம் திட்டு. "சந்தையில போய் சீக்கு இருக்குதான்னு கேப்பாங்களாக்கா? பொண்ணு வூட்டுல போய் பொண்ணுக்கு பைத்தியமான்னு கேக்கற மாதிரி." சமாதானத்துக்கு அவித்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கச்சான் என்போம், அவர்கள் மல்லாட்டை என்கிறார்கள், மற்றவர்கள் வேர்க்கடலை என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

மாலையில் சவரியம்மாள் வீட்டுக்குப் போனேன், குதிரையைப் போட்டோ எடுக்கும் சாக்கில். கோட்டை அடிவாரத்துத் தெரு. சுவரில் மாதா படம், பக்கத்தில் ராசாத்தி மாலையோடு நிற்கும் படம். மாதாவைவிட ஒரு விரற்கடை பெரிது. களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். ஈப்போவில் கருவாடு என்றால் என் மருமகள் மூக்கைப் பிடிப்பாள். இங்கே நான் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டுவிட்டேன். "காய்ச்சல் அடிக்கிற அன்னைக்கு ஏம்மா கூட்டிட்டுப் போறதில்ல?"

சவரியம்மாள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆஸ்பத்திரிக்கு பஜார் வழியாத்தான்கா போவணும். இது கல்யாணக் குதிர. மாப்ள ஏறி ஒக்கார்றது. நடுபஜார்ல தலைய தொங்கப் போட்டுனு தள்ளாடினு போச்சுன்னா எவன் கூப்புடுவான்? சீக்குக் குதிர, ஆகாதுன்னு ஒருத்தன் வாயில வந்தா போதும், என் பொழப்பு போச்சு. டாக்டரு வண்டி வூட்டாண்ட வந்து நின்னாலும் தெருவுக்கே தெரிஞ்சிடும். அதான், கொஞ்சம் தெளிஞ்சதும் குளிப்பாட்டி, சோடிச்சு, தெம்பா நடத்தினு போறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஈப்போவில் சர்க்கரைச் சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்துவிட்டு, சோதனை முடிந்ததும் நேரே ரொட்டி சானாய் என்கிற எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடைக்குப் போகிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! என் வீட்டுக்காரரே அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். ஆனால் சவரியம்மாள் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டு, டாக்டர் சொன்னதை விளக்கினேன். மாட்டைக் கடிக்கிற பெரிய ஈ ஒரு மிருகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிற கிருமி அது. காய்ச்சலோடு வரும், காய்ச்சலோடு மறையும். தெம்பாக நடக்கிற அன்றைக்கு ரத்தத்தில் பார்ப்பது வீண்.

"அப்போ நான் பவுசா இட்டுனு போனதுதான் தப்பா?" என்றார் சவரியம்மாள்.

"தப்புன்னு இல்ல…"

"தப்புதான் சொல்லுக்கா."

"தப்புதாம்மா."

அவர் எழுந்து போய் ராசாத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெட்டியைக் காட்டினார். "நீ போட்டோ புடிக்கறவதானே? நீ வந்தா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். அடுத்த தபா கொதிக்கும்போது போன் பண்றேன், வந்து பாரு." டாக்டரிடம் போனில் கேட்டோம். காதோரத்தில் ஒரு சொட்டு எடுங்கள், போதும் என்றார். நான் கடவுளிடம் ஒரு குதிரைக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தேன். இப்படியும் ஒரு பிரார்த்தனை உண்டா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

வேண்டுதல் சீக்கிரமே பலித்தது. விடிகிற நேரத்தில் போன். "கொதிக்குதுக்கா. ஓடியா."

ராசாத்தியைப் பார்த்ததும் என் உற்சாகமெல்லாம் வடிந்தது. பின்னலும் குஞ்சமும் இல்லாத அந்தக் குதிரை வேறு குதிரை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்ணில் நீர் வழிய, தலையைத் தரைவரை தொங்கவிட்டு நின்றது. காதை ஊசியால் குத்தியபோதுகூட அசையவில்லை. சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மேலே மெல்லிய கண்ணாடியை மூடினேன். பித்தளைக்காரனுக்குக் கரண்ட் கிடையாது, கீழே இருக்கிற சிறு கண்ணாடியில் வெயில் விழுந்தால்தான் வேலை செய்வான். சூரியனோ மலைக்குப் பின்னால் சாவகாசமாக இருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு நானும் சவரியம்மாளும் ஏழுமலையும் சூரியனைத் திட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

வெயில் வந்தது. குனிந்தேன். சிவப்பணுக்கள் தேர்க்கூட்டம்போல நெருக்கியடித்து நின்றன. திடீரென்று ஒரு மூலையில் அவற்றை யாரோ இடித்துத் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டு, வாலைச் சொடுக்கி, திருகித் திருகி ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று. அந்த ஓரத்தில் நாலைந்து. அந்த மனிதர் பார்த்தது இதைத்தான்! யாரும் நம்பாமல் போனதும் இதைத்தான்!

"இருக்கு! இருக்கு!" என்று கத்திக்கொண்டு நான் தெருவில் குதித்தேன். என் வயதுக்கு அது அழகில்லை.

"இன்னாக்கா, நல்ல சேதியா?" என்றார் சவரியம்மாள்.

நான் குதித்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். எனக்கு நல்ல சேதி. அவருக்கு? "நோய் என்னன்னு தெரிஞ்சுடுச்சு. மருந்து இருக்கு" என்றேன். அன்றைக்கு அந்த வெள்ளைக்கார டாக்டருக்கு இந்த இரண்டாவது வாக்கியம் வாய்க்கவில்லை.

சவரியம்மாள் குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார். "மீன் குஞ்சாட்டம் துள்ளுது. இத்தினியோண்டு… இதுவா என் ராசாத்திய தின்னுது?" என்றவர், தலையைத் திருப்பித் தெருவில் காறித் துப்பினார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே கொண்டு வாங்க. ஊசிய இங்கதான் போடணும். போட்டதும் சில குதிரை மயங்கும், குளுக்கோஸ் எல்லாம் கையில இருக்கணும். தெம்பு வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க" என்றார். சவரியம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைப் பார்த்தேன். ஏழுமலை போய் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைத் தார்ப்பாயோடு கொண்டுவந்தார். உள்ளே ஏற்றி மூடிக்கொண்டு போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர் யோசனை. ராசாத்திக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஏறுவதற்குச் சாய்த்துப் போட்ட பலகையில் முன்காலை வைத்தது, கால் நடுங்கியது, சறுக்கி முட்டிபோட்டு விழுந்தது. எழுப்புவதற்குள் எங்கள் உயிர் போய் வந்தது.

சவரியம்மாள் பலகையைக் காலால் எட்டித் தள்ளினார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "வா ராசாத்தி. நடந்தே போலாம்."

செஞ்சி பஜார் காலையில் கூட்டமாக இருக்கும். பூக்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை, கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடைகள். அந்தக் கடைக்காரர்கள் எல்லோரும் சவரியம்மாளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்கள். முன்னால் ஏழுமலை ஹாரன் அடித்து வழி விலக்கிக்கொண்டு ஆட்டோவை உருட்டினார். நடுவில் தள்ளாடும் குதிரை. பின்னால் பித்தளைப் பெட்டியோடு நான். ஊர்வலம்தான், மேளம் மட்டும் இல்லை. பேச்சுக்குரல் ஒவ்வொரு கடையாக அடங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கன்னம் சுட்டது, என்னுடைய பிழைப்பு இல்லாதபோதே.

அரிசிக்கடை வாசலில் அதன் முதலாளி எழுந்து நின்றார். வருகிற முகூர்த்தத்தில் அவர் மகன் ராசாத்தி மேல்தான் ஊர்வலம் போக இருந்தான். அவர் வாய் திறப்பதற்குள் சவரியம்மாள் நின்று, பஜாருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"சீக்குண்ணா. ரொம்ப நாளா சீக்கு. நான்தான் சொல்லல. உங்க கல்யாணத்துக்கு வேற குதிர பாத்துக்குங்க. நீங்க ஏமாறக் கூடாது."

கடைக்காரர் "நல்ல காரியம் நடக்கற நேரத்துல…" என்று என்னவோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சவரியம்மாள் கயிற்றை இழுத்தார். அந்த நடையில் அவர் யாரையும் பார்க்கவில்லை, தலையையும் குனியவில்லை. எனக்கு அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பெட்டி கனத்ததால் முடியவில்லை.

ஊசி போட்டதும் ராசாத்தி வேர்த்து, உடம்பு உதறி, படுத்துவிட்டது. சவரியம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாதாவை மிரட்டிக்கொண்டிருந்தார். வேண்டுதல் என்று அதைச் சொல்ல முடியாது. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் ராசாத்தி எழுந்து நின்று என் தோள் பையைக் கடித்தது. அதிலிருந்த மல்லாட்டை போயிற்று. யாரும் தடுக்கவில்லை.

நான் கிளம்புகிற நாளன்று கால்நடை மருத்துவமனையில் மறுபடி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். சிவப்பணுக்கள் மட்டும் அமைதியாக நின்றன. எதைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தேனோ அது இல்லை என்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "ஒண்ணுமில்லம்மா!" என்றேன்.

சவரியம்மாள் நம்பவில்லை. "நல்லா பாருக்கா. முன்னயும் இப்பிடித்தான் ஒண்ணுமில்லன்னீங்க."

டாக்டர் சிரித்தார். இப்போதைக்குச் சரி, ஆனால் மறுபடி பார்க்க வேண்டும், காய்ச்சல் கண்டால் அந்த நிமிஷமே வரவேண்டும் என்றார். அப்போது அரிசிக்கடைக்காரர் மொபெட்டில் ஒரு கட்டுப் பச்சைப் புல்லோடு வந்து இறங்கினார். புல்லைக் குதிரை முன்னால் போட்டுவிட்டுச் சவரியம்மாளைப் பார்க்காமலே பேசினார்.

"கல்யாணத்துக்குக் கார் சொல்லிட்டேன். அதுல ஒண்ணும் நெனச்சுக்காத." ராசாத்தி தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சித்திரையில பேத்திக்குக் காது குத்தறோம். அதுக்கு இது நல்லாயிடும்ல?"

ஆயிடும்ணா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போன பிழைப்பு திரும்பி வந்துவிடும். சவரியம்மாள் வாய் அதற்குத் திறந்ததை நான் பார்த்தேன். மூடிக்கொண்டார். ராசாத்தியின் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

"தெரிலண்ணா," என்றார். "இன்னைக்கு நல்லாருக்குது. நாளைக்குக் கொதிச்சா பஜார் வழியாத்தான் இட்டாருவேன். கடைல ஒக்காந்து நீங்களே பாத்துக்குங்க."